ஒரு கட்டுக் கொத்தமல்லியும் ஒத்திவைக்கப்பட்ட நாள்களும்

1

நேற்று ஒட்டன்சத்திரத்தில் என் பேத்திக்கு ஆண்டு நிறைவு. அங்கே விளக்கேற்றும் வேளை, இங்கே கனடாவில் காலை. மகள் கோதை தொலைபேசியைக் குழந்தையின் வாயருகே பிடித்தாள். அது ஏதோ ஓர் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. என் மனைவி ரங்கநாயகி கருவியை இரு கைகளாலும் பற்றி, கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனை ஓய்ந்த பிறகும் கருவியைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தக் குழந்தை பிறந்த வேளையில் அவள் மகளின் அருகில் இருந்திருக்க வேண்டும். இருக்க இயலாமற்போனதற்குக் காரணம் ஒரு கட்டுக் கொத்தமல்லி. இதை எழுதலாமா, எழுதினால் ஊரார் என்ன நினைப்பார்கள் என்று ஓராண்டாக என் மனம் ஊசலாடிற்று. நேற்று ரங்கமே சொன்னாள்:

"எழுதுங்க. நம்ம ஊருல நாலு பேருக்குத் தெரியட்டும். இனிமே ஒளிக்க என்ன இருக்கு?"

2

நான் தாடிக்கொம்பை அடுத்த அகரத்துக்காரன். திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாயிருந்து, தொண்ணூறுகளின் நடுவில் ஓய்வு பெற்றேன். பின்னர் மகன் சீனிவாசன் எங்கள் இருவரையும் இங்கே அழைத்துக்கொண்டான். தாடிக்கொம்புப் பெருமாள் சந்நிதியில் மார்கழி முழுவதும் குரலெடுத்துப் பாசுரம் சேவித்தவன், இங்கே வெந்நீர்க் குழாய் முனகும் சிற்றறையில், வீட்டார் விழித்துவிடக் கூடாதே என்று உதட்டளவில் சேவிக்கிறேன். பெருமாளுக்குக் கேட்கும் என்பது நம்பிக்கை. எனக்கே கேட்பதில்லை என்பதுதான் குறை.

ரங்கத்துக்கு வெளியுலகம் என்றால் காய்கறிக் கடைதான். வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் ஓர் ஈழத்தமிழர் கடை வைத்திருந்தார். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வாங்கிப் பணம் கொடுத்துக் கிளம்பும்போது, வாசற்கதவை ஒட்டிய பெட்டியைக் காட்டி, அக்கா, மல்லித்தழை எடுத்துக்கொண்டு போங்கோ என்பார். திண்டுக்கல் மார்க்கெட்டில் காய் வாங்குகிறவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கொசுறு. கடைக்காரி போட மறந்தால் கேட்டு வாங்குவோம். அவள் வேறு ஆளுக்கு நிறுத்துக்கொண்டிருந்தால் நாமே ஒரு கைப்பிடி எடுத்துப் பையில் வைத்துக்கொள்வோம். அவளும் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுத் தராசைக் கவனிப்பாள். அந்தப் பெட்டியை முதலில் கண்ட நாளில் ரங்கம் வீட்டுக்கு வந்து, "இதுவும் ஒரு ஊருதாங்க" என்றாள். இந்த நாட்டைப் பற்றி அதுவரை அவள் சொன்ன ஒரே நற்சொல் அது.

பிறகு அவர் கடையை விற்றுவிட்டார். சுவரை இடித்து, பக்கத்துக் கடையையும் சேர்த்து, பெரிய அங்காடி ஒன்று அங்கே எழுந்தது. பணம் செலுத்தும் மேடைகள் வரிசையாக அமைந்தன. கூரையில் கண்காணிப்புக்கான கறுப்புக் கண்ணாடிக் குமிழ்கள் தொங்கின. எல்லாம் மாறிற்று. கொத்தமல்லி மட்டும் பழைய இடத்திலேயே, வாசலை ஒட்டி, ஒரு பெட்டியில் இருந்தது.

3

கோதைக்கு அப்போது ஐந்தாம் மாதம். திருமணமாகி எட்டாண்டுகள் கழித்துத் தரித்த கரு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அகரத்தில் எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. ஏழாம் மாதம் நாங்கள் போய் வீட்டைத் திறந்து, வெள்ளையடித்து, மகளை அழைத்துவந்து வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. பயணச்சீட்டுக்குக்கூடச் சொல்லிவைத்திருந்தோம்.

அன்று ரங்கம் உள்ளே வாங்கிக்கொண்டிருக்க, நான் அங்காடி வாசலில் வெயில் காய்ந்துகொண்டு நின்றேன். அவள் எல்லாவற்றுக்கும் பணம் செலுத்திவிட்டு, வாசலருகே குனிந்து, கொத்தமல்லிக் கட்டு ஒன்றை எடுத்து, நசுங்காமல் இருக்கட்டும் என்று பையின் மேலாக, இலை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு வந்தாள். காவலர் ஒருவர் குறுக்கே வந்து பையைத் தொட்டார். நான் உள்ளே ஓடுவதற்குள் பேச்சு முடிந்திருந்தது. இதற்குப் பணம் கொடுத்தாயா என்று அவர் கேட்டிருக்கிறார். இல்லை, எப்போதும் இப்படித்தான் எடுப்பேன் என்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு இவள் சொல்லியிருக்கிறாள்.

எப்போதும் எடுப்பேன் என்ற அந்தச் சொல், காவல்துறையினர் வந்தபோது எழுத்தில் ஏறிற்று. கடையில் களவு பெருகிவிட்டதாம். பிடிபட்டவர் எவராயினும், பொருள் எதுவாயினும், காவல்துறையிடம் ஒப்படைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்ததாம். நான் இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தில் விளக்கினேன். வாங்கிய பொருளோடு விற்பவர் இலவசமாகத் தரும் சிறுபொருள் என்றேன். யார் தந்தது என்று கேட்டார்கள்.

நிலையத்தில் விரல்ரேகை எடுத்தார்கள். ரங்கத்தின் விரல்களில் மஞ்சள் கறை இருந்தது. அதை அழுத்தித் துடைத்துவிட்டு எடுத்தார்கள். வழக்கு முடியும்வரை மாகாணத்தை விட்டு வெளியேறலாகாது என்ற நிபந்தனையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கைது என்ற சொல்லைவிட அந்த நிபந்தனைதான் என்னை அச்சுறுத்திற்று. மாதங்களை மனம் கூட்டிப்பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

அன்று மாலை வழக்கம்போல் விளக்கின் முன் அமர்ந்தேன். ஆயர்பாடியில் உறியை எட்டி வெண்ணெய் உண்டவனை உரலோடு கட்டிய கதை வரும் பாசுரம் வாயில் வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏன் நிறுத்திட்டீக? உங்க பெருமாள் வெண்ணெயத் திருடுனா பாட்டு. நான் மல்லித்தழை எடுத்தா கேசு. பாடுங்க, பாடுங்க."

4

இங்குள்ள நீதிமன்றத்தைப் பற்றி நம் ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். தூய்மையில் குறையில்லை. எவரும் குரலுயர்த்துவதில்லை. ஆனால் காத்திருப்பவன் நெஞ்சு படபடப்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடில்லை என்பதை அங்கேதான் அறிந்தேன்.

முதல் தவணையில் கோப்பு வந்துசேரவில்லை என்றார்கள். ஒத்திவைத்தார்கள். அடுத்த தவணையில் கோப்பு வந்தது, மொழிபெயர்ப்பாளர் ஆள் மாறிவிட்டார். இந்தியர் என்ற ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு இந்தி பேசும் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். அவர் ரங்கத்தைப் பார்த்து அன்போடு ஏதோ வினவினார். ரங்கம் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். மூவரும் ஒருவரையொருவர் வணங்கிவிட்டுப் பிரிந்தோம். மறுபடி ஒத்திவைப்பு. அதற்கடுத்து, அங்காடியின் படப்பதிவு இன்னும் கைக்கு வரவில்லை என்று அரசு வழக்கறிஞர் எழுந்து சொன்னார். சொல்லிவிட்டு அமர்ந்தார். நாங்கள் அமர்வதற்குள் வேறொருவர் பெயர் அழைக்கப்பட்டது.

தவணைக்கும் தவணைக்கும் இடையே பல வாரங்கள். கடித உறை விழும் ஓசை கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் எழுவோம். சந்நிதிக் கதவு திறக்கும்வரை அடியார் வாசலில் நிற்பதைப் பற்றி எத்தனையோ பாசுரங்களுக்கு நான் வகுப்பில் உரை சொல்லியிருக்கிறேன். காத்திருப்பே ஒரு சுவை என்றுகூடச் சொன்னதுண்டு. உள்ளே இருப்பவன் நம்மை அறிவான் என்ற உறுதி இருந்தால்தான் அது சுவை. இங்கே உள்ளே இருப்பவர்களுக்கு நாங்கள் ஓர் எண்.

கோதையிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது ரங்கத்தின் கட்டளை. சம்பந்தி வீட்டார் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர்கள், ஊரறிந்த குடும்பம். அம்மாவின் மேல் திருட்டு வழக்கு என்ற பேச்சு அந்த வீட்டு வாசலைத் தாண்டினால் மகளின் தலை நிமிருமா என்று அஞ்சினாள். ஆகவே, பயணத்துக்கான தாள்கள் வந்து சேரவில்லை என்று ஒவ்வொரு வாரமும் நான் பொய் சொன்னேன். தொலைபேசி அட்டையைச் சுரண்டி, நீண்ட எண்களை அழுத்தி, மணி ஒலிப்பதற்குள் அந்த வாரத்துப் பொய்யை மனத்தில் வகுத்துக்கொள்வேன்.

ஏழாம் மாதம் வந்தது. அகரத்து வீடு பூட்டியபடியே இருந்தது. வளைகாப்பைச் சம்பந்தியம்மாளே தம் வீட்டில் நடத்திவிட்டார். அன்று கோதை என்னிடம் மட்டும் பேசினாள்.

"அப்பா, அம்மாவுக்கு வர மனசில்லைன்னா நேராச் சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். வாராக வாராகன்னு வாசலப் பாத்துக்கிட்டு இருக்குறதுதான் முடியல."

கருவியை வைத்துவிட்டுத் திரும்பினால், ரங்கம் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அந்தக் குரல் அவளுக்கும் கேட்டிருந்தது.

5

எட்டாம் மாதத்தில் ஒரு வழி திறந்தது. திறந்ததாக நான் எண்ணினேன்.

எங்களுக்கு அமைந்த வழக்கறிஞர் அம்மையார், அரசுத் தரப்பு ஒரு சலுகை தருவதாகச் சொன்னார். ரங்கம் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். ஓர் அரை நாள் வகுப்பில் அமர்ந்து, களவினால் வரும் கேட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். வழக்கு நீக்கப்படும், குற்றப்பதிவும் இராது. அந்த வாரமே விமானம் ஏறலாம். மறுத்தால் விசாரணை. அதற்கு நாள் குறிக்கவே இன்னும் சில மாதங்கள் ஆகும்.

சீனிவாசன் பெருமூச்சு விட்டான். அவன் அந்த மாதங்களில் எங்களிடம் பேசுவது குறைந்திருந்தது. அலுவலகத்தில் எவருக்கேனும் தெரிந்துவிடுமோ என்ற அச்சம். எங்களைப் பற்றித் தன் மனைவியிடம் பேசும்போது ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வான், நான் முப்பதாண்டு பள்ளியில் இருந்தவன் என்பதை மறந்து. அம்மா கையெழுத்திட வேண்டும் என்று அவன் கேட்டதில் தவறில்லை, அவன் பிழைப்பு இங்கே. ஆனால் அம்மாவிடம் அவன் அதைச் சொன்ன விதம், கோப்பில் கையெழுத்து வாங்கவந்த அலுவலர் சொல்வதுபோல் இருந்தது.

"அம்மா, இது வெறும் ஃபார்மாலிட்டிம்மா. யாரும் உன்னைத் திருடின்னு சொல்லப்போறதில்ல."

"அப்ப நீ போடுப்பா கையெழுத்த. நாந்தான் எடுத்தேன்னு நீ எழுதிக் குடு. ஃபார்மாலிட்டிதானே."

அவன் எழுந்து வேலைக்குப் போய்விட்டான். நான் போகவில்லை. நானும் அவன் பக்கம்தான் இருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். என் கண்முன் நின்றது கோதையின் முகம் ஒன்றுதான். தலைப்பிரசவத்தில் தாயில்லாமல், மருத்துவமனைக் கட்டிலில், வாசலைப் பார்த்துக்கொண்டு. அதை ரங்கத்திடம் சொன்னேன். நமக்குள் உண்மை தெரியாதா, பெருமாளுக்குத் தெரியாதா, ஒரு தாளில் எழுதுவதாலே நீ திருடி ஆகிவிடுவாயா, மகளுக்காகக் கையெழுத்திடு என்று கெஞ்சினேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் பேசினாள்.

"அவளுக்காகத்தான் மாட்டேங்குறேன். நாளைக்கு அந்தப் பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு இருக்கையில, ஒங்க அம்மாச்சி திருடுனேன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் ஒன்னையப் பாக்க வந்தான்னு எனக்கு நெனப்பு வருமா வராதா?"

ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள்.

"வரும்ல? பொறகு எந்தக் கையால அதத் தூக்குவேன்?"

அதன்பின் நான் அவளைக் கேட்கவில்லை. ஆயினும் என் அச்சம் நிற்கவில்லை. பாசுரம் சேவிக்க அமர்ந்தால் அடி மறந்தது. பிள்ளைப் பருவம் முதல் நாவில் ஊறிய அடிகள், படியேறுகையில் கால் தேடும் படி இல்லாததுபோல், திடீரென்று இல்லாமற்போயின. விசாரணைக்கு நாள் குறித்து உறை வந்தது. அது மருத்துவர் சொன்ன நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிந்தி இருந்தது.

6

திண்டுக்கல் மருத்துவமனையிலிருந்து சம்பந்தியம்மாள்தாம் செய்தி சொன்னார். "பொண்ணு பொறந்திருக்குதுங்க. ரெண்டு உசுரும் நல்லா இருக்குதுங்க. நீங்க தகிரியமா இருங்க." ரங்கம் கருவியை வாங்கி ஒன்றே ஒன்று கேட்டாள், கோதை அழுதாளா என்று. அவர், உங்களைத்தானுங்க ரெண்டு தடவை கூப்பிட்டுது என்றார்.

அன்று ரங்கம் சமைத்தாள், துவைத்தாள், விளக்கேற்றினாள். இரவுக்குள் ஏதேனும் சொல்லமாட்டாளா என்று நான் அவள் பின்னாலேயே அறை அறையாக நடந்தேன்.

விசாரணை நாளுக்கு அவள் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டாள். இம்முறை எங்களுக்கு அமைந்த மொழிபெயர்ப்பாளர் சிவபாக்கியம் என்ற யாழ்ப்பாணத்து அம்மையார். ரங்கம் தான் சொல்லவிருப்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிக்காட்டினாள். என் பெயர் ரங்கநாயகி. என் ஊர் அகரம். எங்கள் ஊரில் காய் வாங்கினால் மல்லித்தழை கொசுறு. அந்தப் பெட்டி முன்பு கொசுறுப் பெட்டியாக இருந்தது. ஆள் மாறியதால் வழக்கமும் மாறியதை நான் அறியவில்லை. நான் திருடவில்லை. சமையல் செய்யும்போதும் துணி மடிக்கும்போதும் இதையே சொல்லிப் பார்த்தாள். எனக்கு மறந்துபோன பாசுரங்களின் இடத்தில் அவளுடைய இந்த வாக்கியங்கள் மனப்பாடமாகிவிட்டன.

பட்டுப்புடவை உடுத்தி, திருமண் காப்போடு வந்தாள். காலையிலிருந்து அமர்ந்திருந்தோம். பெயரை அழைத்தார்கள், பெயர்போல் ஒலித்த ஏதோ ஒன்றை. அவள் எழுந்து முன்னே போய் நின்று கைகூப்பினாள். அரசு வழக்கறிஞர் தாளைப் புரட்டி ஓரிரு வாக்கியம் சொன்னார். காவலர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். படப்பதிவு கிடைக்கவில்லையாம். நீதிபதி தலையசைத்து ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

சிவபாக்கியம் அம்மையார் அவள் தோளைத் தொட்டார். "முடிஞ்சுது அம்மா. வழக்கைத் திருப்பி எடுத்திட்டினம். நீங்கள் போகலாம்."

ரங்கம் நகரவில்லை. "நான் சொல்லணுமே."

"இனிச் சொல்லத் தேவையில்லை அம்மா."

"தேவை அவுகளுக்கு இல்ல. எனக்கு இருக்கே."

அம்மையார் என்னைப் பார்த்தார். நான் அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தேன். மாதக்கணக்கில் என் நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அவள் கை என் கைக்குள் குளிர்ந்து, எதையோ இறுகப் பிடித்திருப்பதுபோல் மூடியே இருந்தது.

7

அந்த வாரமே புறப்பட்டோம். மதுரையில் இறங்கி, திண்டுக்கல் வழியாக ஒட்டன்சத்திரம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். திண்டுக்கல்லை நெருங்கியதும் மலைக்கோட்டையைக் காட்டினேன். அவள் ஒருமுறை தலையசைத்ததோடு சரி. வாசலில் கோதை வரவேற்ற விதத்தில் குறையில்லை, குளிர்ச்சி இருந்தது. வாங்கப்பா, வாங்கம்மா என்றாள். பிள்ளை பெற்ற மகள் தாயைக் கண்டால் அழுவாள். இவள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

நடுக்கூடத்தில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு, மேலே கட்டியிருந்த சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரங்கம் தொட்டிலருகே போய் நின்றாள். அவள் பாய்ந்து எடுப்பாள் என்று நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுக்கலாமா?"

"என்னம்மா இது, விருந்தாளி மாதிரி கேக்குற?" கோதை தொட்டிலின் மறுபுறம் வந்து நின்றாள். "ஒரு மாசம் கழிச்சு வந்து நிக்கிற. இப்பயும் கேட்டுத்தான் எடுக்கணுமா?"

ரங்கம் எடுக்கவில்லை. சம்பந்தியம்மாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்க, மருமகன் நாளிதழைக் கீழே வைக்க, எல்லோர் முன்னிலையிலும், தொட்டிலைப் பார்த்தபடி அவள் பேசத் தொடங்கினாள். நான் தடுக்கக் கையெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

"என் பேரு ரங்கநாயகி. எங்க ஊரு அகரம். எங்க ஊருல காய் வாங்குனா மல்லித்தழை கொசுறு."

நீதிமன்றத்தில் சொல்லவேண்டியிருந்ததை ஒரு வரி விடாமல் சொன்னாள். பின்னர் அதில் இல்லாததையும் சொன்னாள். விரல்ரேகை, தவணைகள், கையெழுத்திடச் சொன்ன சலுகை, அதை மறுத்தது, நாங்கள் வாராவாரம் சொன்ன பொய். கோதை பாதியிலேயே தரையில் அமர்ந்து தாயின் கால்களைக் கட்டிக்கொண்டாள். நான் சம்பந்தியம்மாளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அச்சம் முழுவதும் அந்த ஒரு முகத்தில்தான் இருந்தது.

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். புரிந்ததைச் சரிபார்த்துக்கொள்கிறவர்போல் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, கொசுறு எடுத்ததுக்குங்களா கோர்ட்டு?"

ரங்கம் தலையசைத்தாள்.

"அட, நம்ம மண்டியில கொசுறு போடாட்டித்தானுங்க சண்டைக்கு வருவாங்க. எடுத்தாங்கன்னு ஒருத்தரக் கூட்டியாந்து நிறுத்துனா, எங்க ஊட்டுக்காரருக்குக் கிறுக்குப் புடிச்சுதான்னு ஊரே கேட்டுப்போடும்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். மருமகனுக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே, சம்பந்தியம்மாள் தொட்டிலை விலக்கி, குழந்தையை அள்ளி எடுத்து, ரங்கத்தின் முன் நீட்டினார்.

"நீங்க எடுக்கவே வேண்டாமுங்க. நாங்க குடுக்கறோம், புடிங்க."

ரங்கம் முந்தானையில் இரு கைகளையும் துடைத்தாள், உள்ளங்கை, புறங்கை, ஒவ்வொரு விரலாக. பிறகு நீட்டினாள்.